ஐந்நூறு லீட்டருக்குக் கம்பளி போர்த்தியவள்

1. வாளி

அந்த ப்ரூவரியில் நான் சேர்ந்தது கெக் கழுவ. கெக் என்றால் பியர் நிரப்பும் உலோகப் பீப்பாய். மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் கராஜ்களுக்கு நடுவே இருந்த சின்ன இடம். 2000களின் நடுப்பகுதி. பியர் காய்ச்சுவதற்குப் பொறுப்பாக இருந்தவர் ராகவன். சென்னையிலிருந்து மொன்றியலுக்குப் படிக்க வந்து, இந்த வேலையில் ஒட்டிக்கொண்டவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். யாருக்கு யார் மேலதிகாரி என்று பார்ப்பவர்களுக்குக் குழப்பம்தான்.

வீட்டில் பியர் காய்ச்சும் பைத்தியம் முதலில் என் கணவர் அன்ரனுக்குத்தான் பிடித்தது. ஒருமுறை செய்தார், புளித்துப்போனது, கைவிட்டார். வாளி சும்மா கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மெல்ல வறுத்த கொத்தமல்லியும் தோடம்பழத் தோலும், அதாவது ஆரஞ்சுத் தோலும், போட்டு இருபது லீட்டர் செய்தேன். ஐந்தாவது தடவைதான் சரிவந்தது. அதில் ஒரு போத்தலை ராகவனிடம் கொடுத்தேன்.

"அக்கா, இது நீங்க பண்ணதா? நிஜமாவா?"

"ஓம். ஏன், நல்லா இல்லையே?"

"பிரமாதம்! வெள்ளிக்கிழமை ஐந்நூறு லிட்டர் டேங்க் காலியாகுது. இதையே அதுல போடுவோம், நீங்கதான் பண்றீங்க. நல்லா வந்துச்சுன்னா கெக் கழுவ வேற ஆளப் பாத்துக்கறேன். நீங்க ப்ரூயிங்குக்கு வந்துடுங்க."

அன்று பஸ்ஸில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதிரே இருந்த பெண்மணி தன் தொப்பியைச் சரிபார்த்துக்கொண்டார்.

2. இருபத்தைந்து மடங்கு

கணக்கு எனக்கு வரும். இருபது லீட்டரை ஐந்நூறாக்க இருபத்தைந்தால் பெருக்க வேண்டும். மால்ட் என்கிற முளைவிட்ட பார்லி, கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூ, தோடம்பழத் தோல், கொத்தமல்லி எல்லாவற்றையும் பெருக்கி எழுதிக்கொண்டு போனேன்.

"மால்ட் சரி. கொத்தமல்லிய அப்படியே பெருக்காதீங்க அக்கா" என்றார் ராகவன். "பெரிய கெட்டில் ஆற நேரமாகும். அதுவரைக்கும் ஊறிக்கிட்டே இருக்கும். பாதி போதும்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அளவு பெருத்தால் பொருளின் குணமே மாறுமா? இதை ஏன் ஒருவரும் எனக்கு முன்பே சொல்லவில்லை? அன்றிரவு முழுக்க இதையே அன்ரனிடம் சொல்லிச் சொல்லி அவரைத் தூங்கவிடவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாம் அச்சொட்டாக நடந்தது. காய்ச்சினோம், ஆற்றினோம், டேங்கில் ஏற்றினோம், ஈஸ்ட் போட்டோம். மூன்று மணிக்கு ராகவன் புறப்பட்டார். "மிச்சத்த நீங்க பாத்துக்கங்க, திங்கக்கிழமை பாப்போம்" என்றார்.

நான் பார்த்துக்கொண்டேன். அதுதான் வினை.

வெளியே மைனஸ் இருபத்தைந்து. உள்ளே டேங்கின் கூலிங் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. இந்தக் குளிருக்குள் கூலிங்கா? தம்பி மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மொன்றியலில் குளிர்காலத்தில் தோசை மா புளிக்க வைக்கத் தெரியாத தமிழ்ப் பெண் இல்லை. பானையைக் கம்பளியால் சுற்றி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்போம். என் பியர் வாளியையும் அப்படித்தான் வைத்தேன், அருமையாக வந்தது. ஆகவே கூலிங்கை நிறுத்தினேன். சாமான் மூடுகிற தடித்த கம்பளிகள் இரண்டை எடுத்து டேங்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டினேன். மேலே ஒரு சிலுவை அடையாளமும் போட்டுவிட்டு, பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

3. காய்ச்சல்

சனிக்கிழமை காலை கெக் கழுவப் போய்க் கதவைத் திறந்தால் தரை முழுக்க நுரை. டேங்கின் மேல் குழாயிலிருந்து இன்னும் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கம்பளி தெப்பமாக நனைந்திருந்தது. இருபது காட்ட வேண்டிய வெப்பமானி இருபத்தொன்பது காட்டியது.

கூலிங்கைப் போட்டுவிட்டு ராகவனுக்கு போன் அடித்தேன். வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"யாருக்குக்கா இங்க குளிருது?"

தோசை மாக் கதையைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்தார்.

"சின்ன வாளி சூட்ட வெளிய விட்டுடும், அதனால போத்தணும். ஐந்நூறு லிட்டர் விடாது. ஈஸ்ட் வேலை செய்யச் செய்ய அதுவே கொதிக்கும். அதுக்குத்தான் கூலிங். இந்த மெஷின் சின்னது, இப்பப் போட்டா சூட்ட உடனே இறக்காது."

"தம்பி, வெளியில சினோ மலையாக் கிடக்குது."

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அடுத்த நிமிடம் இருவரும் வெளியே நின்று குப்பைப் பைகளில் சவளால் பனி அள்ளினோம். அன்ரனையும் வரச்சொன்னேன். வந்தவர் டேங்கைச் சுற்றி அடுக்கியிருந்த பைகளைப் பார்த்தார்.

"என்ன, பியருக்குக் காய்ச்சலோ?"

"பகிடி விடாமல் சவளை எடுங்கோ!"

பனி உருக உருகப் புதுப் பை கட்டினோம். இருபத்தேழு. இருபத்தைந்து. ஒவ்வொரு பாகை இறங்கும்போதும் அன்ரன் சத்தமாக அறிவித்தார். பின்னேரம் இருபதைத் தொட்டபோது மூன்று பேரும் நனைந்த கோட்டுகளோடு கத்தினோம். வாழ்க்கையில் வேலை செய்து அப்படிச் சந்தோஷப்பட்டது குறைவு.

4. ருசி பார்த்த நாள்

இரண்டு கிழமை கழித்துக் கிளாஸில் ஊற்றினோம். வாழைப்பழம் மணத்தது. ஈஸ்ட் சூடேறினால் அப்படித்தானாம். கொத்தமல்லியையும் தோடம்பழத்தையும் காணவில்லை. ஆனால் குடிக்கலாம். முதலாளி குடித்துவிட்டு பிரெஞ்சில் "செ போன்!" என்றார், நல்லாயிருக்கிறதாம். விற்கலாம் என்றார்.

ராகவன் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க அக்கா. இது உங்க பியரா?"

ஓம் என்றால் வேலை கைக்கு வரும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லைத் தம்பி. என்ர பியர் இப்பிடி மணக்காது."

உங்கள் இஷ்டம் என்று முதலாளி தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். அடி வால்வை நான்தான் திறந்தேன். அத்தனை லீட்டரும் சாக்கடைக்குள் போய் முடியும்வரை நின்று பார்த்தேன், அழுதேன். பிறகு அந்த பேட்ச்சின் தாளில், கொட்டியதற்கான காரணம் என்ற கோட்டில், "கம்பளி. என் பிழை" என்று எழுதினேன்.

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். அளவைப் பெருக்கும்போது செய்முறையை மட்டும் பெருக்காதீர்கள். வீட்டில் கைகொடுத்த பழக்கம் ஒவ்வொன்றையும் நிறுத்தி, இங்கே உனக்கு என்ன வேலை என்று கேளுங்கள். பிழை நடந்தால் அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

ராகவன் நான் எழுதியதை வாசித்தார். அடுத்த பேட்ச்சுக்கான புதுத் தாளை எடுத்து, ப்ரூவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். உதவியாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார்.