வெள்ளிக்கிழமைகளில் அளந்த கோபம்

பேராசிரியர் நாகசுந்தரம் காலமான செய்தி எனக்குப் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் வந்தது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் சந்துக்கே அது ஒன்றுதான். புளி கரைத்துக்கொண்டிருந்த கையோடு ஓடினேன். பேசியது எங்கள் பல்கலைக்கழக உளவியல் துறையின் இப்போதைய தலைவர். ஒரு காலத்தில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த மேசை. "மேடம், நம்ம சார் தவறிட்டார். காலைலதான். நினைவு மலர் ஒண்ணு போடறோம், நீங்க ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நல்லதா நாலு வார்த்தை" என்றார், ஒரே மூச்சில். "நல்லதா நாலு வார்த்தைக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துவிட்டார்.

நான் வேடிக்கை பேசவில்லை. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். அவர் கையால் மதிப்பெண் வாங்கியவர்கள், அவர் சிபாரிசில் வேலைக்குப் போனவர்கள். அழுகிறவர்கள் அழுங்கள், நான் தடுக்கவில்லை. எனக்கு அவரைப் பிடிக்காது. உயிரோடு இருந்தபோதும் பிடிக்காது, போய்ச் சேர்ந்த பிறகும் பிடிக்கவில்லை. மாலை போட்ட படத்துக்கு முன்னால் பொய் சொல்ல எனக்கு வராது. ஏன் பிடிக்காது என்பதை மட்டும் சொல்கிறேன். அது என் சொந்தச் சண்டை அல்ல. இன்றைக்கும் ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெண்களுக்கு நடந்துகொண்டிருக்கிற காரியம்.

அறுபதுகளின் கடைசியில் அவர் என்னைக் கூப்பிட்டு, தமிழ்ப் பெண்களின் கோபம், வெறுப்பு, துக்கம் இவற்றை அளக்க நம்பகமான ஓர் அளவுகோல் செய்யப்போவதாகச் சொன்னார். நம்மிடம் இருந்தவையெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. வரிசையாக வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஆள் சொல்ல வேண்டும். கூட்டினால் கோபத்தின் அளவு. முதலில் அவற்றை அப்படியே தமிழாக்கிக்கொண்டு நான் தெருத்தெருவாகப் போனேன். "கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துவேன்" என்று படித்தால், "எங்க வீட்ல ஏதும்மா கதவு? திரைதான்" என்றாள் எங்கள் சந்துக்காரி ஒருத்தி. "கையில் கிடைத்ததை வீசி எறிவேன்" என்றால், "எறியறதாவது! எல்லாம் எவர்சில்வர், நசுங்கிடும்" என்றாள் இன்னொருத்தி. அவரிடம் வந்து சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வாக்கியங்களை அடித்துவிட்டு நம் ஊருக்கு ஏற்ற மாதிரி புதிதாக எழுதச் சொன்னார். அதுவரைக்கும் எங்களுக்குள் தகராறு கிடையாது.

அவருக்கு ஒரு வாக்கு உண்டு. உங்களில் பலர் மேடையில் அதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறீர்கள். "தராசுன்னா காலைல ஒரு எடை, சாயங்காலம் ஒரு எடை காட்டக் கூடாது." ஒரே ஆளிடம் சில வாரம் கழித்து மறுபடி கேட்டாலும் அதே விடை வர வேண்டும், வந்தால்தான் அளவுகோல் நம்பகமானது. பாடத்தில் உள்ளது, சரிதான். ஆனால் இந்த விஞ்ஞானி பஞ்சாங்கம் பார்க்காமல் பேனாவைத் திறக்கமாட்டார். வினாத்தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வெள்ளிக்கிழமை ராகு காலம் கழிந்த பிறகே எங்களை மயிலாப்பூர் மாட வீதிகளுக்கு அனுப்பினார். மறுமுறை கேட்பதும் வெள்ளிக்கிழமையே. சூழ்நிலை மாறக் கூடாதாம். வீட்டு வேலை முடிந்து பெண்கள் உட்காரும்போது சாயங்காலமாகிவிடும். விளக்கு எரியும், பூ வைத்திருப்பார்கள், மாமியார் ஊஞ்சலில் இருப்பார். நான் போய் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "சில நாள் செத்துப்போகலாம் போலத் தோன்றும்" என்று வாசிப்பேன். "ஐயையோ, வெள்ளிக்கிழமை அதுவுமா விளக்கேத்தற நேரத்துல என்ன வார்த்தை இது! ஒண்ணுமில்லேன்னு போட்டுக்கோங்கோ" என்பார்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு வெள்ளிக்கிழமை. அதே விளக்கு, அதே ஊஞ்சல், அதே "ஒண்ணுமில்லே".

இரண்டு முறையும் விடை அச்சடித்தாற்போல் ஒத்துப்போனதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா சரோஜா, எப்படி விழுந்திருக்கு பார்!" என்று துறை முழுக்கக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அந்தக் காப்பியை நானும் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது.

எல்லாப் பெண்களும் அப்படி அடங்கவில்லை. சாந்தோம் பக்கம் கடற்கரையில் மீன் விற்கும் பெண்களிடமும் கேட்டோம். அவர்களில் தெரசாம்மாள் என்றொருத்தி. கோபம் வருமா என்றதும், "இன்னாம்மா இப்படிக் கேக்கற? காலைல எய்ந்ததுலேந்து அதான் வந்துகினு கீது. வூட்டுல ஒண்ணு குடிச்சிட்டுக் கெடக்குது, இங்க வந்தா ஐஸ்காரன் ஏமாத்தறான்" என்று எல்லாவற்றிலும் உச்ச மதிப்பெண் வாங்கினாள். மறுமுறை போனபோது கூடை காலி, முகமெல்லாம் சிரிப்பு. "இன்னிக்கி வஞ்சிரம் சோக்கா போயிடுச்சி. இன்னாத்துக்குக் கோபம்? ஒண்ணும் கெடியாது, எய்திக்கோ" என்றாள். நாகசுந்தரம் அந்தப் பெண்கள் அத்தனை பேரையும் கணக்கிலிருந்து தூக்கிவிட்டார். "முன்னுக்குப் பின் முரண். நம்பகமில்லாத ஜனங்கள்" என்றார். அதோடு விடவில்லை. எந்தெந்த வினாவுக்கு விடை மாறியதோ அந்த வினாக்களையும் வெட்டினார். மிஞ்சியவை எவை தெரியுமா? நாலு பேர் எதிரில் எவளும் வாய் திறந்து ஆமென்று சொல்லாத வினாக்கள்.

எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னவளின் விடை மாறுகிறது, ஏனென்றால் கோபம் மாறுகிறது. மாறாத விடை சொன்னவள் மறைக்கிறாள். நாம் உண்மையைத் தள்ளிவிட்டு மறைப்பை மட்டும் பொறுக்கி எடுத்து அதற்கு அளவுகோல் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். "உனக்கு வாய் நீளம்" என்றார்.

வாய்ச் சண்டையோடு போயிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். அங்கே மனநலப் பிரிவில் கூட்டம் தாங்கவில்லை. யாரை டாக்டர் பார்க்க வேண்டும், யாரைச் சத்து மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று பிரிக்க ஒரு வழி கேட்டார்கள். நாகசுந்தரம் தம் அளவுகோலைத் தூக்கிக் கொடுத்தார். தாழ்வாரத்து பெஞ்சில் உட்காரவைத்து நர்ஸ் உரக்க வாசிப்பாள். நம் ஊரில் எந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குத் தனியாக வருகிறாள்? ஒரு பக்கம் புருஷன், இன்னொரு பக்கம் மாமியார். நடுவில் உட்கார்ந்துகொண்டு அவள் என்ன சொல்லுவாள்?

அவரைத் தடுத்தே தீருவது என்று கிளம்பினேன். முன்பு கேட்ட அதே வீடுகளில் சிலவற்றுக்கு ஒரு புதன்கிழமை காலை, ஆண்கள் ஆபீஸ் போன பிறகு போனேன். அடுக்களையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். அடேயப்பா! வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லாதவர்களுக்குப் புதன்கிழமை எத்தனை இருந்தது! அடையாற்றில் இருந்த பேராசிரியரின் வீடும் அந்தப் பட்டியலில் உண்டு. அவர் மனைவி கனகவல்லியம்மாளும் எங்களுக்கு விடை சொன்னவர்தான். எல்லாவற்றுக்கும் ஒன்றுமில்லை என்றவர். அன்றைக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "அவர் செருப்புச் சத்தம் கேட்டா கையில இருக்கறதைப் போட்டுட்டுக் கிணத்தடிக்குப் போயிடுவேன் சரோஜா. அது கோபமா பயமான்னு நீதான் படிச்சவ, சொல்லேன்" என்றார். அதை நான் பேராசிரியரிடம் சொல்லவில்லை. மற்ற வீட்டு விடைகளை மட்டும் துறைக் கூட்டத்தில் வைத்தேன்.

அவர் அவற்றைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரோஜா கோபக்காரி. அவ போய் உட்கார்ந்தா யாருக்கும் கோபம் வரும்" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். ஆமாம், நீங்கள்தான், இன்றைக்கு மலர் போடுகிற தலைவரும் கூடத்தான். அடுத்த மாதம் ராஜினாமா கொடுத்துவிட்டு ஒரு பெண்கள் பள்ளிக்கு வேலைக்குப் போனேன்.

அப்போது நான் அவரை முட்டாள் என்று நினைத்தேன். படித்த முட்டாள், பிடிவாதக்காரர், வேறென்ன செய்வார், கிடக்கட்டும் என்று பல வருஷம் மனதுக்குள் மன்னித்தும் இருந்தேன். நியாயமாகப் பேசுவதென்றால் அவரிடம் நல்லதும் இருந்தது. எண்களைத் திருத்தமாட்டார். மாணவர்களிடம் கால் காசு கைநீட்டியவரில்லை. பசி என்று சொன்ன பையனுக்குத் தம் டிபன் டப்பாவை அப்படியே தள்ளிவிடுவார். இதையெல்லாம் மலரில் மற்றவர்கள் விரிவாக எழுதுவீர்கள்.

பல வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சந்துக்குள் அவர் வந்தார். தேடிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார், சட்டை நனைந்திருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "கனகம் ரெண்டு மாசமா சரியாச் சாப்பிடறதில்லை. கிணத்தடியிலேயே நிக்கறா. அவ தம்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போனான். திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா? பெஞ்சில் தம்பி எதிரில் வாசித்திருப்பார்கள். கணவர் செய்த அளவுகோல். கனகவல்லியம்மாளுக்கு அது மனப்பாடமே ஆகியிருக்கும். "அங்கே பெரிய டாக்டர் உன் பழைய மாணவியோட புருஷன்தானே. நீ சொன்னா பார்ப்பார்" என்றார்.

"சொல்றேன். நீங்க அந்த அளவுகோலைத் திரும்ப வாங்கிக்கறதா ஒரு வரி எழுதிக் குடுங்க" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "அது முடியாது. இவளுக்கு மட்டும் பார்க்கச் சொல்லு" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, "நீ சொன்னது சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றார்.

கனகவல்லியம்மாளை நானே அழைத்துப்போனேன். பேரம் பேசுகிற நேரமா அது? டாக்டரிடம் தனி அறையில் உட்காரவைத்துவிட்டு நான் வெளியே நின்றேன். மருந்து கொடுத்தார்கள், தொடர்ந்து பார்த்தார்கள், தேறினார். அதன்பின் அவர் அடையாற்றுக்குத் திரும்பவில்லை. நங்கநல்லூரில் தம்பி வீட்டில் இருக்கிறார். செய்தி வந்த அன்று போய்ப் பார்த்தேன். அழவில்லை. "சாப்பிட்டுப் போ" என்றார். இருவரும் சாப்பிட்டோம்.

அளவுகோல் இன்றும் அந்தத் தாழ்வாரத்தில் இருக்கிறது, அவர் பெயரோடு. தெரியாமல் செய்திருந்தால் என்றைக்கோ விட்டிருப்பேன். தம் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் அது வேண்டாம் என்று தெரிந்த மனிதர், மற்ற வீட்டுப் பெண்களை அந்த பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனார். அவரை நான் மன்னிக்கவில்லை, இனி மன்னிக்கப்போவதும் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் என் வாசலில் நின்று சொன்ன அந்த ஒற்றை வாக்கியம். அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான், இத்தனை நாள் எவரிடமும் சொல்லவில்லை. இப்போது துறையும் அந்த அளவுகோலும் உங்கள் பொறுப்பு. தெரியாது என்று சொல்லிக்கொள்ளும் வசதி அவருக்கு இருக்கவில்லை. இதை அச்சில் படித்துவிட்ட உங்களுக்கும் இனி இல்லை.