கைக்கும் பிரேக்குக்கும் நடுவே ஒரு முழம்

இந்த ஊரில் இறக்கம் என்று ஒன்று கிடையாது. நெதர்லாந்தில் நான் இருக்கும் சின்ன நகரத்தில், வீட்டிலிருந்து பட்டறைக்குத் தினமும் சைக்கிளில்தான் போகிறேன். வழியில் ஏறி இறங்க இருப்பது ஒரே ஒரு கால்வாய்ப் பாலம். அதைப் போய் மேடு என்று எங்கள் மலையூரான கீழ் கோத்தகிரியில் சொன்னால் ஆடு மாடுகூடச் சிரிக்கும். ஆனாலும் இரண்டு கையையும் பிரேக்கைவிட்டு எடுக்காமல்தான் ஓட்டுகிறேன். போன வாரம் பக்கத்தில் வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா என் விரல்களைப் பார்த்துவிட்டு, "ரெம் கபோட்?" என்று கேட்டார். பிரேக் கெட்டுவிட்டதா என்கிறார். இல்லை, பயம் என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை டச்சில். இப்போதுதான் சைக்கிள் பழகுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. மெல்ல மெல்ல வந்துவிடும் என்று தேற்றிவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டார். நானோ சைக்கிள் கட்டிப் பிழைக்கிறவன்.

கட்டுவதும் சாதாரணச் சைக்கிள் இல்லை. நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடி முடிக்கிற டிரையத்லான் பந்தயத்துக்கான வண்டி. கார்பன் சட்டம், காற்றுக்கு வழிவிட ஒடுங்கிய குழாய்கள். ஒயர்கூடக் கைப்பிடிக்குள்ளேயே ஒளிந்து ஓடும். ஓட்டுகிறவர் முழங்கை இரண்டையும் திண்டில் ஊன்றி, முன்னால் நீளும் இரண்டு கம்பிகளைப் பிடித்துக் கவிழ்ந்துகொள்ள வேண்டும். கியர் அந்தக் கம்பி நுனியில் இருக்கும். பிரேக் அங்கே இருக்காது. பின்னால் தள்ளி, பக்கவாட்டில் இருக்கும் வேறொரு கைப்பிடியில் இருக்கும். கைக்கும் பிரேக்குக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு முழம். இந்தத் தட்டை நாட்டில் அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

என் தம்பி செல்வம் ஊரில் தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை பார்த்தான். வேலைக்கு ஓடியே போவான், ஓடியே வருவான். மெட்ராஸ் பக்கம் கடற்கரையில் இந்தப் பந்தயம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, "அண்ணா, நீ கட்டுறியே, அதுல ஒண்ணு எனக்கு" என்று கேட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நிற்கவைத்து, அம்மா தையல் டேப்பால் அவன் காலை அளந்து போனில் சொன்னாள். "எம்பத்தி மூணுடா. ஏன்டா, சைக்கிள் கட்டுறியா, இவனுக்குக் கல்யாணப் பேண்ட் தைக்கிறியா?" என்று கிண்டல் வேறு. அளவுகளைச் சீட்டில் எழுதி என் கருவிப் பெட்டி மூடியில் ஒட்டினேன். முதலாளி ஹென்க், கீறல் விழுந்து விற்காமல் கிடந்த ஒரு சட்டத்தைக் கொடுத்தார். வேலை முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் குழாயை வெட்டுமுன் மூன்று தடவை அளந்தேன். வெட்டினால் வெட்டினதுதான், பிறகு நீட்ட முடியாது. அது என் தம்பி உடம்புக்கென்றே ஆன வண்டி.

லீவில் போனபோது பெட்டியில் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்தேன். மலைச்சாலையில் இருக்கும் அரவேணு கடைத்தெருவில் கூட்டம் கூடிவிட்டது. "ஏனுங்க, இது சைக்கிளுங்களா, ராக்கெட்டுங்களா?" என்றார் டீக்கடைக்காரர். மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோய்ச் சமவெளியில் மட்டும் ஓட்டு என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன். ஆனால் வண்டியைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிறார் கண்டக்டர். ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அவன் என்ன செய்வான்? மலையிலேயே ஓட்டி, கூட்டாளியை விட்டு வீடியோ எடுத்து அனுப்பினான். சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். அடிக்கடி முழங்கையைத் தூக்கிப் பிரேக் பக்கம் போகிறான். உடனே போன் போட்டேன். "டேய், கையத் தூக்காத. தூக்குனா காத்துப் புடிச்சு வேகம் கொறையும். நான் கட்டுனதே வீணாப் போயிரும்."

"சரிண்ணா, இனி எடுக்கல" என்றான்.

அந்த வீடியோவை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். சாலை இறங்குகிறது. அப்பட்டமாக இறங்குகிறது. ஓரத்து வாய்க்காலில் தண்ணீர் குதித்து ஓடுகிறது. அந்த வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டே வரிசையாகச் சொல்லத் தெரிந்தவன் நான். ஆறு வருஷம் தட்டைத் தரையில் இருந்ததில் இறக்கத்தைப் பார்க்கவே மறந்துவிட்டேன். பாவி, முழங்கையை மட்டும் பார்த்தேன். தூரத்திலிருந்து போனில் யோசனை சொல்லும் என்னைப் போன்றவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒருதரம் சாலையையும் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு, அரவேணு வளைவில் கேரட் ஏற்றிய லாரி எதிரே வந்தது. தம்பியின் கை பிரேக்குக்குப் போய்ச் சேரவில்லை. உயிர் தப்பிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, இனி வராது என்றுவிட்டார்கள் டாக்டர்கள். ஹென்க்கிடம் சொல்லி அழுதேன். தோளைத் தட்டிக் கொடுத்தார். அப்புறம், குத்திக் காட்டும் எண்ணமே இல்லாமல், "அந்த வண்டியை எதற்கு மலையில் ஓட்டினான்?" என்று கேட்டார். ஐயா, எங்கள் வீட்டு வாசலே மலைதான் என்று எந்த மொழியில் சொல்வது?

ஊருக்கு ஓடினேன். அம்மா என்னை உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. செத்துப்போன எங்கள் அப்பா எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டியவர். "லாரி ஓட்டுன மனுசனுக்குப் பொறந்தவன்டா நீ. எறக்கத்துல பிரேக்குக்குக் கையத் தூக்காதன்னு சொல்ற அளவுக்கா எல்லாம் மறந்து போச்சு?" என்றாள்.

"விடும்மா" என்றது கட்டிலிலிருந்து தம்பியின் குரல். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போர்வைக்கு அடியில் கையை விட்டு அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தது அவனுக்குத் தெரியவில்லை. அவன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான். "டேப் இருக்கு, அளவு எடுத்துக்கண்ணா. சக்கர நாற்காலி ஒண்ணு கட்டிக் குடு." கொஞ்சம் நிறுத்திச் சிரித்தான். "பிரேக்க மட்டும் கைக்குப் பக்கத்துல வை."

இப்போது பட்டறையில் என் கருவிப் பெட்டி மூடியில் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. பழையதில் கால் அளவு. புதியதில் தோளும் முழங்கையும் உள்ளங்கையும் மட்டும். நாற்காலி பாதி ஆகியிருக்கிறது. பிரேக்கைத்தான் மாட்டி மாட்டிக் கழற்றுகிறேன், இன்னும் ஒரு விரற்கடை பக்கத்தில் வைக்கலாமோ என்று. மாலையில் வீடு திரும்பும்போது சாலை தொடுவானம் வரை நேராகக் கிடக்கிறது. எதிரே லாரியும் இல்லை, வளைவும் இல்லை. கால் இந்த நாட்டில் மிதிக்கிறது. கை மட்டும் அரவேணு வளைவில், தம்பிக்காகப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது.