பேசாதவனுக்கு அவள் எழுதிக் கொடுத்த பேச்சு

கால் எலும்பு முறிந்ததால்தான் லிப்ட் மெக்கானிக் தன் மனைவியின் நாவல்களைப் படிக்க நேர்ந்தது. அதுவரை அவர் முழுசாகப் படித்து முடித்தவை மோட்டாரோடு வரும் கையேடுகள் மட்டும்தான். ஒரு பெரிய கட்டடத்தில் வேலை பார்க்கும்போது ஏணி சறுக்கிவிட்டது. முழங்காலிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. வாயைத் தவிர வேறெதையும் அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாய்தான் அவர் சொத்து. மனைவி கிடைத்ததே அதனால்தான். அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடை ஐந்தாவது மாடியில் இருந்தது. ஒருநாள் லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோய், அவள் உள்ளே தனியாக மாட்டிக்கொண்டாள். உதவியாள் மேலே மோட்டாரைப் பார்க்க, இவர் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, பயப்படாமல் இருக்கட்டும் என்று ஓயாமல் பேசினார். தன் பல்வலி, பக்கத்து வீட்டு நாய், பார்க்கப்போன பெண்களெல்லாம் தன்னை வேண்டாமென்று சொன்ன கதை. மூச்சு வாங்க நிறுத்தினால் உள்ளேயிருந்து, "பேசிட்டே இருங்க" என்று குரல் வந்தது. அடுத்த வருடம் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். இருவருக்குமே நாற்பது தாண்டியிருந்தது. முதல் கல்யாணம் சரிப்படவில்லை என்று அவள் சொல்லியிருந்தாள். ஊர் விஷயமெல்லாம் பேசுகிற மனுஷன், அதை மட்டும் தோண்டவில்லை.

காலையில் கடைக்குக் கிளம்பும்வரை அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுவாள். ஆறு நாவல்கள் வந்திருந்தன. ஆறும் காதல் கதைகள். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள்கூட, "அந்தக் கதையெல்லாம் எழுதறது நீங்கதானா?" என்று கேட்டு அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆறையும் படித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை மதியம், பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளிடம் அவர் கேட்டார்.

"ஏம்மா, உன் கதையில ஒருத்தன்கூட கல்யாணம் பண்ணிக் குடித்தனம் நடத்த மாட்டேங்கறானே! ஒருத்தன் கப்பல் ஏறிட்டான். ரெண்டு பேர் லாரியில அடிபட்டுப் போயிட்டாங்க. ஒருத்தனுக்குக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் விஷக்காய்ச்சல். அந்த ஏணியைத் தள்ளிவிட்டது நீதானா?"

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் என்ன பேசிப்பாங்கன்னு எழுத வரலைங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டிருந்தது. எல்லா நாவலிலும் யாராவது ஒருத்தி போன் செய்வாள். அந்தப் பக்கம் "ஹலோ" என்றதும் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவாள். அவள் கடைக்குப் போன நேரங்களில் துணைக்கு வந்திருந்த அவளுடைய அக்காவிடம் அதையும் வேடிக்கையாகச் சொன்னார்.

"எல்லாரும் போனை வச்சிடறாங்களே அக்கா, உங்க தங்கச்சிக்கு அவ்வளவு சிக்கனமா?"

துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"உங்ககிட்ட அவ சொல்லவே இல்லையா மாப்பிள்ளை?"

பிறகு அக்கா சொன்னார். முதல் கணவன் ஒருநாள் வீட்டுக்கு வந்த நண்பர்களிடம் ஏதோ பழைய கதை சொன்னான். இவள் நடுவில் ஒரு திருத்தம் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்றோடு அவன் இவளிடம் பேசுவதை நிறுத்தினான்.

"அடிக்கல, திட்டல. தண்ணி வேணும்னா மேஜையில விரலால தட்டுவான். உப்பு பத்தலைன்னா தட்டைத் தள்ளுவான். அடுத்த ரூம்ல ஃப்ரெண்டுங்களோட சிரிச்சுப் பேசறது கேட்கும். இவகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. வருஷக்கணக்கா. இவ மத்தியானத்துல அவன் ஆபீசுக்குப் போன் பண்ணுவா. அவன் எடுத்து 'ஹலோ'ம்பான். அவ்வளவுதான், வச்சிடுவா. அவன் இவகிட்ட பேசின பேச்சுன்னா அதுதான்."

அக்கா போன பிறகு மெக்கானிக் புத்தகங்களை மறுபடி எடுத்தார். போன் வருகிற இடங்களை மட்டும் தேடித் தேடிப் படித்தார். எதிலும் அழுகை இல்லை. ஒருத்தி "ஹலோ"வைக் கேட்டுவிட்டு, மழையில் குடையை மறந்து நடக்கிறாள். தனியாக வாழும் இன்னொருத்தி அன்றைக்கு மூன்று பேருக்குச் சமைக்கிறாள். அந்தப் புத்தகங்களில் அந்த ஒரு சொல்லைவிடச் சந்தோஷமான சொல் வேறில்லை. ஒரே ஒரு பருக்கை கிடைத்தவள், அதை வைத்து ஊருக்கே விருந்து போட்டிருக்கிறாளே! இத்தனை நாள் இவளோடா ஒரே மேஜையில் சாப்பிட்டோம்?

சாயங்காலம் அவளிடம், "அக்கா எல்லாத்தையும் சொன்னாங்க" என்றார்.

அவள் பேசாமல் நின்றாள். அவருக்குப் பயம் வந்தது.

"கோவமா?"

"கோவம்னா வாயைத் திறந்து சொல்லிடுவேன். பேசாம இருக்கறதை மட்டும் உங்ககிட்ட செய்யவே மாட்டேன்."

கொஞ்சம் தைரியம் வந்தது. "அப்போ என்னை ஏன் எழுதல? நம்ம கதை நல்லாத்தானே இருக்கு?"

"எழுதினா கண்ணு பட்டுடுமோன்னு பயமா இருந்துச்சு."

மாவுக்கட்டுப் பிரித்து, அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு, அவள் ஏழாவது நாவலை ஆரம்பித்தாள். ஏறக்குறைய ஒரு வருடம். முடித்ததும் பதிப்பாளருக்கு அனுப்புவதற்கு முன்னால் அவர் கையில் கொடுத்தாள்.

இது மற்றவை முடிகிற இடத்தில் தொடங்கியது. கல்யாணமான வீடு, பேசாத கணவன். மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். எந்தப் பக்கத்தில் லாரி வரும் என்று எதிர்பார்த்தார். லாரி வரவில்லை. பாதியில் ஓர் அத்தியாயம் வந்தது. அலுவலகத்தில் போன் அடிக்கிறது. கணவன் எடுத்து "ஹலோ" என்கிறான். யார் என்று அவனுக்குத் தெரியும். எப்போதுமே தெரிந்திருக்கிறது. அவள் வைத்த பிறகு, ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், அறுந்த இணைப்பில் அவன் பேச ஆரம்பிக்கிறான். முதல் நாள் கோபம், மறுநாள் வீம்பு, அதற்கப்புறம் எந்தச் சொல்லில் திரும்ப ஆரம்பிப்பது என்றே தெரியாமல் போனது, அவள் மேஜையைத் துடைக்கும்போது வாய்வரை வந்து நின்ற ஒரு சொல். இருபது பக்கம் பேசுகிறான். வீட்டுக்குப் போனதும் மேஜையில் விரலால் தட்டுகிறான். அவள் தண்ணீர் வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். கடைசியில் அவள் வேறொருவரைக் கட்டிக்கொள்கிறாள். அந்த இருவரும் ஜன்னல் திரையின் நிறத்துக்காகப் பத்துப் பக்கம் சண்டை போடுகிறார்கள். யாரும் சாகவில்லை.

"அவன் நிஜமாவே இப்படியெல்லாம் நினைச்சானா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? கேட்டா சொல்ற ஆளா அவன்? அந்தப் பேச்சை அவன் குடுக்கல. நானே எழுதி எடுத்துக்கிட்டேன்."

"மன்னிச்சிட்டியா?"

"அதெல்லாம் இல்லைங்க." காகிதங்களைப் புரட்டி, போன் வருகிற பக்கங்களை எடுத்து அவரிடம் நீட்டினாள். "ஒண்ணு கேட்கட்டுமா? அந்த அத்தியாயத்தை வாய்விட்டுப் படிக்கிறீங்களா? எனக்குக் காதால கேட்கணும்."

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தன்னுடைய வழக்கமான அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக நிதானமாகப் படித்தார். அவள் கண்களை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, இருபது பக்கமும் கேட்டாள்.