பக்கத்து வீட்டில் கேட்ட ஆமா

நான் ஜெபிக்காமல் இருந்த அந்த நான்கு மாதங்களில் எங்கள் வீட்டு ஜெபம் நின்றுபோயிருந்ததா, இல்லையா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். இன்னும் பதில் தெரியவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் என் கணவருக்குக் கால் முறிந்தது. பக்கத்து மலை ஊரான கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லாரி ஓட்டுகிறவர் அவர். கோஸ் கூடைகளை அடுக்கிவிட்டு லாரியின் பின்பக்கமாக இறங்கும்போது ஈரப்பலகையில் வழுக்கி விழுந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. மலைக்குக் கீழே ஈப்போ நகரத்து மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து, உள்ளே தகடு வைத்து அனுப்பினார்கள். பல மாதங்களுக்கு லாரிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்துத் தேநீர்க் கடையில் அதுவரை நான் வார நாட்களில் மட்டும் வேலை செய்துவந்தேன். சுற்றுலா வருகிறவர்கள் தேயிலை மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து தேநீர் குடிக்கிற கடை. அவர் படுத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்று நானே போய்க் கேட்டேன். ஞாயிறுதான் அங்கே கூட்டம் அலைமோதும் நாள். தானா ராத்தா டவுனில் எங்கள் சபையின் தமிழ் ஆராதனை ஒன்பது மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்தில் நான் ஏப்ரன் கட்டிக்கொண்டு, தட்டுத் தட்டாக ஸ்ட்ராபெரி ஜாம் வைத்துக்கொண்டிருப்பேன்.

முதல் ஞாயிறு கடையின் பின்பக்கம் போய் அழுதேன். இரண்டாவது ஞாயிறு மனசுக்குள் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டேன். ஐந்தாவது ஞாயிறு மணி ஒன்பதானதையே கவனிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. ஆனால் பயந்ததோடு சரி, வேறொன்றும் செய்யவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்கு ஒரு பாட்டு, கொஞ்சம் வேத வாசிப்பு, ஜெபம் என்று நடக்கும். அதுவும் நின்றது. நிறுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கு வலி, எனக்கு அசதி. அந்த நேரத்தில் அவர் போனில் வீடியோ பார்ப்பார். நான் என் போனில் மற்றவர்களின் புது வீடு, விடுமுறைப் பயணம், பிள்ளையின் பிறந்தநாள் அலங்காரம் என்று பார்த்துத் தள்ளிக்கொண்டே இருப்பேன். போனைக் கீழே வைக்கும்போது எங்கள் வீடு முன்னைவிடச் சின்னதாகத் தெரியும்.

கணவரால் எழுந்து நடக்க முடியாததால், வார நாட்களில் பாலர் பள்ளிக்குப் போகும் எங்கள் நான்கு வயது மகளை ஞாயிறுகளில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். ஞாயிறு அவருக்கு ஓய்வு நாள். முருகன் படத்துக்கு விளக்கேற்றாமல் தேநீர்கூடக் குடிக்க மாட்டார். எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் கூரைவரை எட்டாது. அவர் தாளிப்பது எங்களுக்குக் கேட்கும். நாங்கள் தும்மினால் அவருக்குக் கேட்கும்.

ஒரு ஞாயிறு மாலை பாப்பாவைக் கூட்டிவரப் போனபோது அவள் நெற்றியில் திருநீறு இருந்தது. நான் சட்டென்று என் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. பிள்ளைக்குத் துண்ணூறு மட்டும் வேணாம்."

"மத்தியானம் தூக்கத்துல பயந்து அழுதுச்சு, அதான் வச்சேன். சரி லா, இனிமே வைக்கல. அதுக்கு ஏன் மொளகாயக் கடிச்ச மாதிரி மூஞ்ச வச்சிருக்க?"

வீட்டுக்கு வந்ததும் நான் செய்தது சரியா என்று குழம்பினேன். சொன்னது சரி என்றே பட்டது. அவர் கண்முன்னால் துடைத்தது சரியில்லை. அடுத்த ஞாயிறு அவர் கதவைத் திறப்பாரா என்று வாரம் முழுவதும் கவலைப்பட்டேன். அவர் எப்போதும்போலத் திறந்து, "வாடி என் ராணி" என்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து, பெருமழையால் கூட்டம் குறைந்து கடையைச் சீக்கிரம் அடைத்தார்கள். நான் லயத்துக்கு வந்தபோது அக்கா வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. பாப்பா சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க சாமிகிட்ட சொன்னியா?" என்று அக்கா கேட்டார்.

"பசிக்குது பெரியம்மா."

"பசிச்சா என்ன? உங்கம்மா என்னையப் பிடிச்சிக்குவா. கையக் கூப்பு, சொல்லு லா."

"இயேசப்பா, சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம். அப்பா கால நல்லாக்குங்க. அம்மா மழையில நனையாம வரணும்."

"கடைசியில?"

"ஆமா."

"ஆமா" என்று தானும் சொல்லிவிட்டுத்தான் அக்கா சாம்பாரை ஊற்றினார்.

நான் உள்ளே போய் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "பாப்பா, ஆமா இல்ல, ஆமென்." நன்றி சொல்லத் தோன்றவில்லை, திருத்தத்தான் தோன்றியது. இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"ஆமாதான்மா. பெரியம்மா சொன்னாங்க."

அக்கா என்னைப் பார்த்தார். "ஏன், ஆமா இல்லியா? நாலஞ்சு வருசமா செவுத்து வழியா கேக்குறேனே. கடைசியில எல்லாரும் சேந்து ஆமான்னுதானே சொல்லுவீங்க?"

"அது ஆமென் அக்கா."

"என்னமோ மென்னு. ஏன், உங்க சாமிக்குத் தமிழ் தெரியாதா? ஆமான்னா புரியாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. "நீங்கதான் இப்ப பாடுறதே இல்லியே தங்கச்சி. முன்னெல்லாம் நீங்க பாட்டு எடுத்தா நான் அடுப்புல சோறு வைப்பேன், மணி பாக்க வேணாம். இப்ப போன் சத்தந்தான் கேக்குது. கஷ்டம் வந்தா நாங்க கோயிலுக்கு ஓடுவோம். நீங்க என்னடான்னா சாமிகிட்ட கோவிச்சிக்கிட்ட மாதிரி இருக்கீங்க. துண்ணூறும் வேணாம்ட்ட. பிள்ள ஒண்ணுமே இல்லாம எப்படி இருக்கும்? அதான் நான் சொல்ல வச்சேன்."

பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தட்டிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "நல்லா வாங்கினியா?" என்று சிரித்தவர், போனை அணைத்துக் கீழே வைத்துவிட்டு, "பாட்டுப் புத்தகம் எங்க?" என்றார். அன்று ஏழு மணிக்குப் பாடினோம். இரண்டாவது அடியில் வரி மறந்து நான் முணுமுணுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சத்தம் பத்தல தங்கச்சி" என்று அக்கா குரல் கொடுத்தார்.

மறுவாரம் கடை மேற்பார்வையாளரிடம் கேட்டேன். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மதியத்துக்குமேல் வந்தால் போதும் என்றார். இத்தனை எளிதாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே கேட்டிருப்பேன். அல்லது தெரிந்தும் கேட்காமல் இருந்திருப்பேனோ என்னவோ. மறுபடியும் சபைக்குப் போன அன்று ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அதற்காக இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணவர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். அதற்கும்தான்.

பாப்பா சபையில் ஆமென் என்கிறாள், அக்கா வீட்டில் ஆமா என்கிறாள். அப்படியே ஆகட்டும் என்பதுதானே ஆமென்னுக்கு அர்த்தம் என்று நானும் விட்டுவிட்டேன். என் சோம்பலுக்கு ஒரு சாக்குச் சொல்கிறேனோ என்றும் சில நாள் தோன்றும்.

அடுத்த மாதம் தோட்டத்துக் கோயிலில் திருவிழா. அக்கா பாப்பாவுக்குப் பச்சை நிறத்தில் ஒரு பட்டுப்பாவாடை எடுத்துவைத்திருக்கிறார். "தேருக்குப் பின்னால என் கையப் பிடிச்சிக்கிட்டு நடந்து வரட்டும் தங்கச்சி. எனக்கு வேற யாரு இருக்கா?" என்றார். கூட நடந்தால் என்ன ஆகிவிடும், அனுப்பு என்கிறார் கணவர். எனக்கு மனம் வரவில்லை. நான்கு வயதில் எது நம்முடையது என்று அவளுக்குக் குழம்பிவிடுமோ என்று பயப்படுகிறேன். அனுப்பாவிட்டால், நான் சோர்ந்து கிடந்தபோது என் பிள்ளையைக் கைகூப்ப வைத்தவரை நானே நோகடித்ததாகிவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்று நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறேன். இப்படி ஓர் அன்புக்கு முன்னால் நீங்களும் தயங்கி நின்றதுண்டா? பிள்ளையை அனுப்பினீர்களா, அனுப்பவில்லையா? அனுப்பவில்லை என்றால், அந்த அக்காவிடம் எந்த வார்த்தையில் சொன்னீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.