ஓட்டையில்லாத கடுகுக் குப்பி

டார்கஸ் பிலிங்கைப் பிடிவாதக்காரி என்று சொல்லாதவர் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் இருந்த அந்த மாளிகையில் யாருமில்லை. 1908-இல் அவளுக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருஷமாகச் சாப்பாட்டு மேசை அவள் பொறுப்பு. வெள்ளி உப்புக் கிண்ணத்தில் ஒரு ராத்திரிகூட உப்பைத் தங்கவிட்டதில்லை. விட்டால் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். அப்பேர்ப்பட்டவளுக்கும் சோதனை வந்தது.

வீட்டில் பழைய வெள்ளிக் குப்பிகள் மூன்று. சர்க்கரைக்கும் மிளகுத்தூளுக்கும் உள்ளவற்றின் மூடியில், தூவுவதற்கு ஓட்டைகள். மூன்றாவதில் அதே பூவேலை, ஆனால் ஓட்டை மட்டும் கிடையாது. புதிதாகக் கல்யாணமாகி வந்த எஜமானி ஹோனோரியா அதைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"என்ன இது, அரைகுறையா விட்டிருக்கான்? தட்டான்கிட்ட அனுப்பி ஓட்டை போட்டு வாங்கு. ஞாயித்துக்கிழமை விருந்துக்கு வேணும்."

"அம்மா, கடுகுப்பொடிக்குன்னே அப்படிச் செஞ்சதும்மா. மூடியைத் திறந்து ஸ்பூன்ல எடுத்து, தட்டோரத்துல அவங்கவங்க குழைச்சுக்குவாங்க. ஓட்டை போட்டா நூத்தம்பது வருஷத்துப் பொருள் பாழாயிடும்."

"உன்கிட்ட யாரு யோசனை கேட்டா? முடியாட்டி வேற வீடு பாத்துக்கோ!"

நற்சான்றுக் கடிதம் இல்லாமல் துரத்திவிட்டால், இந்த வயதில் யார் சேர்ப்பார்கள்? ஆனாலும் குப்பி தட்டானிடம் போகவில்லை. ஞாயிறு காலை தன் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு, குப்பியைப் பளபளவென்று துடைத்துக் கடுகுப்பொடி நிரப்பினாள்.

"உனக்குக் கொழுப்புடி!" என்றாள் சமையல்காரி ஹாப்வுட்.

"ஆமா, அதையும் பெட்டியில வெச்சுக் கட்டிட்டேன்."

மாட்டிறைச்சி ரோஸ்ட் மேசைக்கு வந்தது. ஓட்டை போட்டாயிற்று என்று நம்பிய ஹோனோரியா, மூடியைக் கவனிக்காமலே, புகுந்த வீட்டார் பன்னிரண்டு பேர் பார்க்கக் குப்பியைக் கவிழ்த்து உலுக்கினாள். ஒன்றும் விழவில்லை. மறுபடி உலுக்கினாள். நாத்தனார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எஜமானியின் காதெல்லாம் சிவந்துவிட்டது.

டார்கஸ் அருகில் வந்தாள். "மன்னிக்கணும்மா. கடுகைப் பழைய முறையில பரிமாறணும்னு நீங்க சொல்லியும், நான்தான் ஸ்பூன் வைக்க மறந்துட்டேன்." மூடியைத் திறந்து, ஒரு ஸ்பூன் பொடியைத் தட்டோரத்தில் வைத்தாள்.

"பரவாயில்லையே, நம்ம வீட்டு வழக்கம் தெரிஞ்ச மருமக!" என்றார் மாமனார்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஸ்பூனைக்கூட மறந்திராதவள் சொன்ன பேச்சு அது! என்ன மனசு பாருங்கள்.

சாயங்காலம் ஹோனோரியா வேலைக்காரர்களின் மாடியறைக்கே ஏறி வந்து, கட்டிய பெட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

"இவ்வளவு அழகா பொய் சொல்ல எங்க கத்துக்கிட்ட?"

"இத்தனை வருஷமா பெரிய மனுஷங்க சாப்பிடற மேசை பக்கத்துல நிக்கறேனேம்மா."

ஹோனோரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குனிந்து, பெட்டியின் வாரைத் தன் கையாலேயே அவிழ்த்தாள்.