பீர் சக்கையும் என் மூக்கும்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் யார் வீட்டில் பால் அடிப்பிடித்தாலும் அந்த வீட்டுக்காரருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அப்படி ஒரு மூக்கு. கோபமும் உண்டு, அது மூக்கைவிடச் சீக்கிரம் வேலை செய்யும். இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல மனுஷிக்குச் செய்த அநியாயத்தை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறது.

கோவில்பதாகையில் நாங்கள் பிளாட் வாங்கி வந்தபோது பின்பக்கம் காலிமனைதான். அதன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஆறு மாடுகள். அவற்றை வைத்திருந்தவளுக்கு என் வயதுதான், நாற்பதைத் தாண்டியவள். எங்களுக்குப் பால் ஊற்றுவதும் அவள்தான். அவள் பாலில் போட்ட காபிக்காகவே என் வீட்டில் ஜெபக் கூட்டம் நடத்தலாம் என்று சபையில் கேலி பேசுவார்கள்.

ஒரு ஐப்பசியில், மழை பிடிப்பதற்கு முன்னால், கொட்டகைக்குப் பக்கத்தில் நான்கு நீல டிரம்கள் முளைத்தன. பாலித்தீன் சுற்றி, கயிறு கட்டி, மேலே கல் வைத்திருந்தது. பத்து நாளில் புளித்த வாடை என் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நாங்கள் தெற்கத்திக் கிறிஸ்தவக் குடும்பம். கிறிஸ்துமஸ் கேக்கில் ஒயின் விட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்போம். எங்கள் சபையில் திருவிருந்துக்கே திராட்சைச் சாறுதான். புளித்த வாடை, மூடிக் கட்டிய டிரம், ஆள் நடமாட்டம் இல்லாத காலிமனை. சாராய ஊறல்தான் என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, சேலைகூட மாற்றாமல், குடியிருப்பில் நான்கு பேரைத் திரட்டிக்கொண்டு போனேன். அவள் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். டிரம்மைத் திறக்கச் சொன்னேன்.

"வேணாங்க்கா. காத்து பூந்தா கெட்டுப் பூடும்," என்றாள்.

குற்றவாளி வேறு எப்படிப் பேசுவாள் என்று நினைத்தேன். கல்லைத் தள்ளிவிட்டு, நான்கு டிரம்களின் பாலித்தீனையும் நானே கிழித்தேன். உள்ளே ஈரத் தவிடு மாதிரி பழுப்பாக ஏதோ அழுத்தி அழுத்தி நிரப்பியிருந்தது. ஊறலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"பீர் சக்கைக்கா இது," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "பார்லிய ஊறவச்சு, இனிப்புத் தண்ணிய மட்டும் பீருக்கு எட்துக்குவானுங்க. போதை ஏர்றதெல்லாம் அந்தத் தண்ணிக்கு, அதுவும் அப்பாலதான். சத்து இதுல அப்டியே நிக்குது. மாட்டுக்கு வச்சா பால் நல்லா எறங்கும்."

பீர் தொழிற்சாலையிலிருந்து குட்டியானை வண்டியில் ஆவி பறக்க வருமாம். இத்தனை வருஷமும் உடனுக்குடன் மாட்டுக்கு வைத்தவள், இந்த மழைக்குத்தான் முதல்முறையாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். நம் ஊர் வெயிலில் இரண்டு நாளில் பூசணம் பிடித்துவிடும். அதனால் உப்புத் தூவி, டிரம்முக்குள் இறங்கிக் காலால் மிதித்து, காற்றே இல்லாமல் மூடி வைக்கிறாள். மாதக்கணக்கில் கெடாது. வைக்கோல் கிடைக்காத மழை நாட்களுக்கு அதுதான் மாடுகளின் சோறு. கொட்டகையில் ஒரு மாடு நிறைசினையாக நின்றது. அதற்கென்று ஒதுக்கியதையும் சேர்த்துத்தான் நான் கிழித்திருந்தேன்.

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் கேட்டது வேறு.

"நாலும் ஒரே வாடையா அடிக்குது, யக்கா? எனக்குத் தெரியாது. கொரோனா காச்சல்ல போன மூக்கு, இன்னும் திரும்பல. கையாலயும் கண்ணாலயும்தான் பாத்துக்கினு கீறேன்."

பட்டுச் சேலையோடு குனிந்து ஒவ்வொன்றாக மோந்தேன். மூன்று டிரம்களில் ஆப்ப மாவின் புளிப்பு. நான்காவதில் அந்தப் புளிப்புக்கு அடியில் வேறொன்று, ஈரத்தோடு மடித்து அலமாரியில் மறந்த துணியின் நாற்றம். மேலே பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. நான் சொன்னதும் அவள் தோள்வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தது. டிரம்மின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"இத சினை மாடு துன்னா கன்னு தங்காது," என்றாள்.

பிறகு வானத்தைப் பார்த்தாள். "ரெண்டு நாள் வெயில் கீது. மீதி மூணையும் காயவச்சிக்கினா கெடாது. உங்க மொட்டமாடிய விடுவீங்களா?"

என்னோடு வந்த நான்கு பேரும் முடியாது என்று சொல்லும் நிலையில் இல்லை. சாராயம் பிடிக்கப் போன கூட்டம் பக்கெட் பக்கெட்டாகப் பீர் சக்கையை ஐந்து மாடி சுமந்தது. ஒரு வீட்டுக் கூழ் வடகத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்து மூன்று டிரம் சக்கையையும் பரப்பினோம். அவள் மணிக்கொரு தரம் ஏறிவந்து கிளறினாள். ஒரு பிடியைக் கையில் இறுக்கித் திறப்பாள்; உருண்டையாக நின்றால் இன்னும் காய வேண்டும், உதிர்ந்தால் போதும். கெட்டுப்போன டிரம்மை எருக்குழியில் கொட்டி மண் தள்ளினாள். சக்கையிலிருந்து வடிந்த தண்ணீரைக்கூட வீணாக்கவில்லை, நீர் கலந்து எங்கள் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். எனக்கு அவள்மேல் பொறாமையே வந்தது. ஒருத்தன் பிழிந்து தள்ளியதை அவள் பாலாக்குகிறாள். நான் பாலைக் குடித்துவிட்டு அவளைச் சந்தேகப்பட்டேன்.

வீட்டில் என் கணவருக்குக் கொண்டாட்டம். "மூன்று வருஷமாக உன் ஜெபக் கூட்டமே பீர் சக்கையில்தான் ஓடியிருக்கிறது," என்றார். மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல் பால் ஊற்றினாள், அளவுக்கு மேல் விடும் கொசுறோடு.

மழை முழுக்க அந்த உலர்ந்த சக்கையை நனைத்துப் போட்டே மாடுகளைக் காப்பாற்றினாள். புது வண்டி வரும்போதெல்லாம் "யக்கா, கொஞ்சம் வா" என்று கீழிருந்து கூப்பிடுவாள். நான் போய் மோந்து சொல்வேன். என் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை என் அலுவலகத்தில்கூடக் கிடைத்ததில்லை.

கார்த்திகையில் ஒரு காலை அதே குரல். சக்கை வண்டி எதுவும் வரவில்லை. கொட்டகையில், வைக்கோல்மேல், இன்னும் ஈரம் காயாத ஒரு கிடாரிக் கன்று. அவள் அதன் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள்.

"வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து கன்னு போட்டா மொதல்ல மோந்துதான் பாப்பேன்," என்றாள். "நீ சொல்லுக்கா. எப்டி கீது?"

நான் மண்டியிட்டுக் கன்றின் நெற்றியில் மூக்கை வைத்தேன். காய்ச்சாத பாலின் வெதுவெதுப்பு, ஈர வைக்கோல், அதற்குப் பின்னால் மெல்லிய ரத்த வாடை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ம், அப்பால?" என்றாள்.

நான் திரும்பவும் குனிந்தேன்.