இலவங்கப்பட்டை வாசனை

ஐந்து மணிக்கு எழுந்தேன். முகம் மழித்தேன். முட்டையை நின்றபடியே தின்றேன். கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினேன். இரவு நன்றாகத் தூங்கியிருந்தேன். குடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கனவு என்பீர்கள், போதை என்பீர்கள்.

நெப்ராஸ்காவில் ஒரு சிற்றூர் மருத்துவமனை. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் நர்ஸ். மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸாகலாம் என்று ஒரு யோசனை. "படி, படி" என்று நச்சரித்தவள் என் மனைவி மார்னி. அவள் போய் ஒன்றரை வருடம். படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன், அந்த வேலை செய்பவர் கூடவே ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். எங்கள் மயக்க மருந்து நர்ஸ் லோரெட்டா சம்மதித்திருந்தார்.

"எதையும் தொடாதே. மயங்கி விழுறதா இருந்தா சுவர்ப் பக்கமா விழு," என்றார்.

7:10. முதல் நோயாளி வெண்டல். சோளம் போடும் விவசாயி. குடலிறக்க ஆபரேஷன்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க, என்ன குடிச்சீங்க?" லோரெட்டா கேட்டார்.

வெண்டல் என்னைப் பார்த்தார். இல்லை... எனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே சுவர்தான்.

"நேத்து ராத்திரியிலிருந்து ஒண்ணும் இல்ல."

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பால் காபி. இலவங்கப்பட்டை போட்டது.

லோரெட்டா மூக்கைச் சுளித்தார். "காபி கொண்டாந்தியா?"

"இல்ல."

ஆபரேஷன் அறைக்குள்ளும் அந்த வாசனை வந்தது.

7:31. லோரெட்டா மாஸ்க்கை வெண்டலின் முகத்தருகே கொண்டுபோனார்.

என் காதுக்குப் பின்னால் குவளை மூடி திறக்கும் சத்தம்.

டக்.

கழுத்தில் வெதுவெதுப்பாக மூச்சு...

"நிறுத்துங்க," என்றேன். "இன்னொரு தடவ கேளுங்க."

வெண்டல் கண்ணை மூடிக்கொண்டார். "காபி. பால் ஊத்தினது. கிளம்பும்போது குடிச்சேன்."

லோரெட்டா மாஸ்க்கைக் கீழே வைத்தார். "மயக்கத்துல அது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிருக்கும், பெரியவரே. உங்க சோளத்தை வேற யாராவதுதான் அறுத்திருக்கணும்."

ஆபரேஷன் தள்ளிப்போனது. வீட்டுக்குக் கிளம்பும்போது வெண்டல் என்னைக் கூப்பிட்டார்.

"நான் பொய் சொல்ற ஆள் இல்ல, தம்பி. உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் பின்னால நின்ன பொண்ணுதான் தடுத்துச்சு."

"எந்தப் பொண்ணு?"

"நோயாளி கவுன் போட்டிருந்துச்சு. உதடெல்லாம் நீலம். 'ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுங்க, இல்லாட்டி அவரைத் திட்டுவாங்க'ன்னுச்சு."

மார்னிக்குப் பித்தப்பை ஆபரேஷன். வேறு ஊரில். போகும் வழியில், தலை வலிக்கிறது, ஒரு வாய் கொடு என்றாள். இலவங்கப்பட்டை போட்ட என் பால் காபிக் குவளையைக் கொடுத்தேன். நான் நர்ஸ். கூடாதென்று தெரியும். பாதிக்கு மேல் குடித்தாள்.

அங்கேயும் அதே கேள்வியைக் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மயக்கத்திலிருந்து அவள் எழவில்லை. அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்தான் அவள் கடைசியாகப் பேசியது.

"நேத்து ராத்திரியிலிருந்து ஒண்ணும் இல்ல."